சுண்ணாம்புக்காரி கிசோலாவும் தெபால்தோவின் ஆத்துமாவும்

மொந்தேரிபாவில் கிசோலாவை யாருக்கும் பிடிக்காது. அவளுக்கும் ஊரில் ஒருவரையும் பிடிக்காது. ஆகவே யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அவளுடைய சுண்ணாம்பு இல்லாமல் ஊரில் ஒரு சுவர் எழும்பாது. வாசலில் வந்து நின்று, "கிசோலா, கொஞ்சம் நல்லதாப் பாத்துக் குடேன்" என்று குழைவார்கள். திரும்பிப் போகும்போது "வாயாடி" என்று முணுமுணுப்பார்கள். அது அவள் காதில் விழுந்துவிட்டால் அடுத்த முறை அவர்களுக்குக் கல் கலந்த சுண்ணாம்புதான் போகும்.

புருஷன் பீனோ சுண்ணாம்புக் காளவாய் மேலிருந்து விழுந்து செத்தபோது அவள் வயிற்றில் ஐந்து மாதம். இனி இவள் அண்ணன் வீட்டுக்குப் போய் முக்காடு போட்டு உட்காருவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவள் மறுநாளே கல்லை உடைத்துக் காளவாயில் அடுக்க ஆரம்பித்தாள். ஊருக்கு அது பெரிய ஏமாற்றம். துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் பாதி வழியிலேயே திரும்பிப் போனார்கள்.

ஏழாம் மாதத்தில், ஊர்ப் புனிதரின் திருவிழா அன்று, எல்லாரும் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில், சுண்ணாம்புக் குழிக்குப் பக்கத்தில் அவளுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். பத்துப் பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற நேரம் மூச்சு இருந்தது. சாகக் கிடக்கிற குழந்தைக்கு அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அந்த ஊரில் கோழி மேய்க்கிறவளுக்குக்கூடத் தெரியும். கிணறு சரிவுக்குக் கீழே இருந்தது. எழுந்து போக அவளால் முடியாது. கைக்கெட்டிய தூரத்தில் குழியில் நீற்றிய சுண்ணாம்பு படிந்து, அதன் மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. அதை ஒரு கை அள்ளிக் குழந்தையின் நெற்றியில் ஊற்றி, ஒரு பெயர் சொல்லி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் நாமத்தையும் சொல்லி முடித்தாள். குழந்தை ஒருமுறை கீழுதட்டை உள்ளே இழுத்தது. அவ்வளவுதான்.

முந்தானையில் சுற்றி அவள் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது திருவிழாக் கூட்டம் முழுக்க வாசலில் நின்றது. பங்குச் சாமியார் கல்கானோ படிக்கட்டில் நின்று துணியை விலக்கிப் பார்த்தார். ஒரு பெயர் சொல்லித் தானே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டதாக அவள் சொன்னாள்.

"என்ன தண்ணி ஊத்தின?"

பொய் சொல்லியிருக்கலாம். கிசோலாவுக்கு அது தோன்றவேயில்லை. "குழியில தெளிஞ்சு நின்ன தண்ணி, சாமி."

"சுண்ணாம்புத் தண்ணியா?" சாமியாருக்கு முகமே மலர்ந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க ஆட்டுத் திருட்டையும் வாய்க்கால் தகராறையும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டுச் சலித்தவருக்கு, படித்த படிப்பைக் காட்ட ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. "பாலால ஞானஸ்நானம் செல்லாது. திராட்சை ரசத்தால செல்லாது. கறிச்சாறால செல்லாது. சுத்தமான தண்ணி வேணும். இது சுண்ணாம்பு கலந்த நீர்."

"மழைத் தண்ணி கூரையில விழுந்து அழுக்கா வடிஞ்சாலும் அது தண்ணிதானே சாமி?"

"நீ எனக்கு வேதம் சொல்லித் தராதே!" சாமியார் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "இந்தக் குழந்தை ஞானஸ்நானம் பெறல. இதுக்குப் பேரே கிடையாது. கல்லறைத் தோட்டத்துல இதுக்கு இடமும் கிடையாது."

கூட்டம் தலையாட்டியது. தலையாட்டுவதற்கு அந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லறைத் தோட்டத்தின் வடக்குச் சுவருக்கு வெளியே, தொட்டால் அரிக்கிற செந்தட்டி மண்டிக் கிடக்கிற இடத்தில், தூக்கில் தொங்கியவர்களுக்குப் பக்கத்தில், கிசோலா தானே குழி தோண்டிப் புதைத்தாள். அப்படிப்பட்ட குழந்தைகள் போகிற இடத்தில் துன்பமும் கிடையாதாம், இன்பமும் கிடையாதாம், கடவுளையும் பார்க்க முடியாதாம். "அப்ப மொந்தேரிபா மாதிரிதான்" என்றாள் கிசோலா. சொல்லிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் அழுதாள். பிள்ளை மோட்சத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதன் பிறகு அவளுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

தானிய வியாபாரி தெபால்தோவுக்கும் மோட்சத்தின் மேல் ஆசை வந்தது அடுத்த ஆண்டில்தான். அதற்கு முன் வந்த பஞ்சத்தில் அவர் களஞ்சியத்தைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஊர் ஓக் மரத்துக் கொட்டையை இடித்து ரொட்டி சுடுகிற வரைக்கும் காத்திருந்தார். விலை நான்கு மடங்கு ஏறியதும் திறந்தார். பிறகு மார்வலி வந்தது. மார்வலி வந்ததும் பக்தி வந்தது. கோயிலின் தெற்குப் பக்கத்தில் தன் பெயரால் ஒரு சிறுகோயில் கட்டி, அதன் சுவரில் தன்னுடைய நல்மரணத்தை ஓவியமாக எழுதச் சொல்லி சியேனா நகரிலிருந்து ஓவியர் லாப்போவை வரவழைத்தார். நல்மரணம் என்றால் இன்னும் நடக்காத மரணம். கட்டிலில் தெபால்தோ படுத்திருப்பார். அவர் வாயிலிருந்து ஆத்துமா குழந்தை வடிவில் வெளியே வரும். தேவதூதனான சம்மனசு அதை வெள்ளைத் துணியில் ஏந்திக்கொள்ளும். பிசாசு வெறுங்கையோடு விரலைக் கடிக்கும். மேலே மோட்ச வாசலைக் காக்கிற புனிதர் இராயப்பர் சாவியோடு காத்திருப்பார். கீழே ஒரு மூலையில் இதே தெபால்தோ இன்னொரு முறை, முழங்கால் போட்டுக் கைகூப்பி இருப்பார். ஒரே சுவரில் ஒரு மனிதன் மூன்று தடவை வருவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை.

சாந்து குழைத்துச் சுவரில் பூச லாப்போ கிசோலாவை அமர்த்திக்கொண்டார். சாரத்தின் அடியில் உட்கார்ந்து மணல் சலிக்கிறபோது அவளுக்கு மேலே நடக்கிற பேரம் எல்லாம் கேட்கும்.

"இவ்வளவு சின்னதாவா என்னைப் போடுறது?" என்பார் தெபால்தோ. "எலி மாதிரி இருக்கேன்."

"பணிவைக் காட்டணும்ல ஐயா. புனிதர் பெருசு, மனுசன் சிறுசு. சுவர்ல அதுதான் முறை."

"பணிவைக் கொஞ்சம் பெருசாக் காட்டு."

முதலில் கரிக்கோட்டில் இராயப்பரின் கணுக்கால் உயரம் இருந்தவர், இரண்டாவது முறை பார்வையிட்டுப் போனதும் முழங்கால் வரைக்கும் வளர்ந்தார். மூன்றாவது முறைக்குப் பிறகு இடுப்பளவு. "இன்னும் நாலு நாள் விட்டா ராயப்பர் இவர்கிட்ட சாவி கேட்டு நிப்பார்" என்றாள் கிசோலா. லாப்போ சிரித்துச் சிரித்து சாரத்தைப் பிடித்துக்கொண்டார். பிசாசுக்குப் பக்கத்து ஊர் வியாபாரியின் மூக்கை வைக்க முடியுமா என்றும் தெபால்தோ கேட்டார். அதையும் வைத்தாயிற்று.

கடைசியில் ஆத்துமாவின் முறை வந்தது. முதல் பூச்சின் மேல் லாப்போ கரியால் கோடு போட்டுக் காட்டினார்.

"இது என்ன மேஸ்திரி?"

"ஆத்துமா."

"வரி வசூலிக்க வந்தவன் மாதிரி இருக்கு."

"சியேனாவுல எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க, தாயே."

"சியேனாவுல யாரும் பிள்ளை பெத்துக்கறதில்லையா?"

லாப்போவுக்குச் சுருக்கென்றது. "சரி, எல்லாம் தெரிஞ்சவ நீயே சொல்லு. பிறந்த குழந்தை எப்படி இருக்கும்?"

சல்லடையைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். நெற்றியில் மூன்று சுருக்கம். கண் முழுசாகத் திறக்கவில்லை. வலது கை மூடியிருந்தது, கட்டைவிரல் உள்ளே. கீழுதட்டை உள்ளே இழுத்தபடி. இடது காதின் மேல்மடல் உள்பக்கமாக மடங்கி. சொல்லச் சொல்ல லாப்போ வரைந்துகொண்டே போனார். முடித்துவிட்டுப் பார்த்தவருக்கு விளங்கிவிட்டது. ஊர்க் கதை சாப்பாட்டுக் கடையில் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"இது உன் பொண்ணு."

"ஆமா."

"தெபால்தோ கண்டுபிடிச்சா செதுக்கி எறிஞ்சிடுவான்."

"அவர் எதைப் பாத்தாலும் தன்னைத்தான் பாப்பார். பயப்படாதீங்க."

"சாமியார்? அவர் நேர்ல பாத்தவராச்சே."

"முகத்தைப் பாத்தாரோ என்னவோ. தண்ணியைப் பத்தித்தான் கேட்டுட்டு இருந்தார்."

லாப்போ தாடியைச் சொறிந்தார். "பொண்ணாச்சேம்மா."

"ஆத்துமாவுல ஆணேது பொண்ணேது? இடுப்புக்குக் கீழ நீங்க துணியால மூடத்தானே போறீங்க?"

அந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்களுக்குச் சுவர்தான் வேதம். இராயப்பர் கையில் சாவி இருக்கிறது என்றால் சுவரில் இருப்பதால்தான் அது அவர்களுக்குத் தெரியும். அந்தச் சாவியைப் பார்த்து இது வெறும் படம் என்று சொல்ல மொந்தேரிபாவில் எவனுக்கும் தோன்றாது. சுவரில் மோட்சத்துக்குப் போகிறவர் மோட்சத்துக்குப் போகிறார். சாமியாரை, வியாபாரியை, தலையாட்டும் ஊரை எல்லாம் துச்சமாக நினைத்த கிசோலா இதை மட்டும் துச்சமாக நினைத்ததில்லை. இதை அவள் முழு மனதோடு நம்பினாள்.

லாப்போவுக்கு அந்த நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. தெபால்தோ மேல் எரிச்சல் இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஈரச் சாந்தில் எழுதுகிற வேலைக்கு ஒரு நாள் என்றால் ஒரு நாள்தான். காலையில் பூசின சாந்து மாலைக்குள் வண்ணத்தைக் குடித்துவிட்டு இறுகிவிடும். பிறகு மாற்ற வேண்டுமென்றால் உளி வைத்தால்தான் உண்டு. அன்றைக்கு ஒரு முறம் அளவுக்குத்தான் பூச வேண்டியிருந்தது. கிசோலா மணலை மூன்று தடவை சலித்தாள். தன் பழைய குழியிலிருந்து, பிள்ளை பிறந்த அந்தக் குழியிலிருந்து, வெண்ணெய்ப் பதத்தில் சுண்ணாம்பு எடுத்து வந்தாள். எந்தக் குழி என்று லாப்போவிடம் சொல்லவில்லை. கரணையால் தேய்த்துத் தேய்த்து அவள் விலகியதும் லாப்போ தூரிகையை எடுத்தார். மாலை மணி அடித்தபோது சம்மனசின் துணிக்குள் கீழுதட்டை இழுத்துக்கொண்டு அவள் மகள் கிடந்தாள். கிசோலா வாளிகளைக் கழுவினாள். கண் சுவரிலேயே இருந்ததில் ஒரு வாளி உருண்டு போயிற்று.

பத்து நாள் கழித்து சாரத்தைப் பிரித்ததும் தெபால்தோ மனைவி ஒர்சினாவோடும் சாமியாரோடும் பார்க்க வந்தார். முதலில் முழங்காலிட்ட தன்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கட்டிலில் கிடந்த தன்னை. பிறகு ஆத்துமாவை.

"இது என்னங்க காது இப்படி இருக்கு?" என்றாள் ஒர்சினா.

"எங்க அப்பாவுக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார் தெபால்தோ, கொஞ்சமும் யோசிக்காமல். "எனக்கும் சின்ன வயசுல இருந்துது. அப்புறம் சரியாப் போச்சு. அப்படியே நானேதான். எப்படிய்யா கண்டுபிடிச்ச?"

"சியேனாவுல சொல்லிக் குடுப்பாங்க" என்றார் லாப்போ.

கல்கானோ சாமியார் சுவரைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அப்படியென்றால் அன்றைக்கு முகத்தையும் பார்த்துத்தான் இருந்திருக்கிறார். மூலையில் வாளியோடு நின்ற கிசோலாவின் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. ஒரு வார்த்தை போதும், உளி வந்துவிடும்.

"சாமி, சொல்ல மறந்துட்டேன்" என்றார் தெபால்தோ. "இந்தச் சிறுகோயிலுக்குன்னு ஆற்றங்கரைத் திராட்சைத் தோட்டத்தை எழுதி வெச்சாச்சு. நான் கண்ணை மூடினப்புறம் என் ஆத்துமாவுக்காக நீங்க தினம் இங்க ஒரு பூசை வெச்சாப் போதும்."

சாமியாரின் வாய் மூடிக்கொண்டது. ஆற்றங்கரைத் தோட்டத்துத் திராட்சை நல்ல திராட்சை. "ரொம்ப அருமையா வந்திருக்கு" என்றார். வேதசாத்திரம் எல்லாம் அந்தக் கொடியில் சிக்கிக்கொண்டதைக் கிசோலா கண்ணால் பார்த்தாள்.

அடுத்த மாதம் கோவேறு கழுதையில், சாமியார்களுக்கெல்லாம் மேலான ஆயர் வந்து சிறுகோயிலை மந்திரித்தார். நாலு சுவரிலும் தீர்த்தம் தெளித்தார். தெளித்ததில் ஒரு துளி அந்த மடங்கிய காதிலும் பட்டு வழிந்தது. தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தவர் கல்கானோ சாமியார். அன்றிரவு கிசோலா வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

தெபால்தோ அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் இருந்தார். விலாங்கு மீனை மூக்கு முட்டத் தின்றுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சம்மனசு துணியோடு வந்ததாக யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து கல்கானோ சாமியார் தினமும் காலையில் அந்தச் சுவருக்கு எதிரே நின்று பூசை வைத்தார்.

நாலு மாதம் போனது. ஒருநாள் பட்டப்பகலில் சாமியார் சுண்ணாம்புக் களத்துக்கு வந்து நின்றார். இளைத்திருந்தார்.

"கோயிலுக்குச் சுண்ணாம்பு வேணுமா சாமி?"

"இல்ல." காலால் ஒரு கல்லை உருட்டினார். "தினம் காலையில தெபால்தோவின் ஆத்துமான்னு வாய் சொல்லுது. கண்ணு மேல போனா அந்தக் காது. என் செபம் யாருக்குப் போய்ச் சேருதுன்னே தெரியல."

"தெபால்தோவுக்குப் போகலன்னா உங்களுக்கென்ன? திராட்சை வந்து சேருதுல்ல?"

அவர் அதை விழுங்கிக்கொண்டார். "அன்னைக்கு ஒரு பேரு சொல்லி ஊத்தினேன்னியே. என்ன பேரு? சொல்லு. மனசுக்குள்ளயாவது அதையும் சேத்துச் சொல்லிடுறேன்."

கிசோலா சுண்ணாம்பு கிண்டுகிற துடுப்பைக் குழியில் ஊன்றிப் பிடித்துக்கொண்டாள். இதற்குத்தான் அவள் மூன்று வருஷமாக ஏங்கினாள். பீடத்தில் நிற்கிற சாமியார் வாயில் மகளின் பெயர். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது.

"மனசுக்குள்ளயா? என் பொண்ணு செந்தட்டிக்குள்ள கிடக்குறா. பேரு மட்டும் உங்க மனசுக்குள்ள வந்து உக்காரணுமா? முதல்ல அவளைக் கல்லறைத் தோட்டத்துக்குள்ள கொண்டு வாங்க. அப்புறம் பேரு."

"அதுக்குச் சட்டத்துல..."

"அப்ப போய் தெபால்தோன்னே சொல்லிட்டிருங்க."

அவர் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் கிசோலா குழியோரம் உட்கார்ந்து தன்னையே திட்டிக்கொண்டாள். வாய்க்கொழுப்பால் பிள்ளைக்குக் கிடைக்க இருந்த செபத்தையும் கெடுத்தாயிற்று. ஓடிப்போய்ப் பெயரைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தடவை கோயில் வாசல் வரைக்கும் போனாள். இரண்டு தடவையும் அந்தப் படிக்கட்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டாள்.

ஒன்பதாம் நாள் திராட்சை அறுவடை. ஊரே ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. கல்கானோ சாமியார் தோளில் மண்வெட்டியோடு வந்தார்.

"வா. இடத்தைக் காட்டு."

"சட்டம் என்ன ஆச்சு?"

"புத்தகத்தைத் திரும்பப் பாத்தேன். அடியில சுண்ணாம்பு படிஞ்சிருந்தாலும் மேல நிக்கிறது தண்ணிதான்னு ஒரு கருத்து இருக்கு."

"அந்தக் கருத்து நடந்து வரதுக்கு மூணு வருசம் ஆச்சா?"

வடக்குச் சுவருக்கு வெளியே செந்தட்டியில் கை காலெல்லாம் தடித்துப் போக, அவரே தோண்டினார். மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. "இப்படிக் கொத்தினா எலும்புல படும். பக்கத்துல இருந்து வாரி எடுங்க" என்று கிசோலா நின்ற இடத்திலிருந்து அதட்டினாள். முந்தானை மூட்டை தெரிந்ததும் அவரை விலக்கிவிட்டுத் தானே இறங்கி எடுத்தாள். உள்ளே ஒன்றுமே இல்லாததுபோல அது இலேசாக இருந்தது. அதை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு வாசல் வழியாகக் கல்லறைத் தோட்டத்துக்குள் நடந்தாள். சாமியார் ஒரு மூலையைக் காட்டினார். அவள் மறுத்துத் தலையை ஆட்டிவிட்டு, ஊர் நடந்து போகிற நடைபாதையை ஒட்டிய இடத்தில் போய் நின்றாள். அவர் அங்கேயே தோண்டினார்.

மண்ணை மூடித் தீர்த்தம் தெளித்துச் செபத்தைத் தொடங்கியவர் பெயர் வர வேண்டிய இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் மகளின் பெயரைச் சொன்னாள். அவர் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, உதட்டுக்குள் அதை முணுமுணுத்தார்.

"கேக்கல சாமி."

"சொல்லிட்டேனே."

"சத்தமாச் சொல்லுங்க. அன்னைக்குப் படிக்கட்டுல நின்னு இதுக்குப் பேரே கிடையாதுன்னீங்களே, அது ஊருக்கே கேட்டுது."

கல்கானோ சாமியார் தடித்துப்போன கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து நின்று, "நூத்தா!" என்று உரக்கச் சொன்னார். கிசோலா தலையசைத்ததும், கேட்காமலே இன்னொரு முறையும் சொன்னார். ஆற்றங்கரையில் திராட்சை பறித்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு மூன்று பேர், யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தார்கள்.